நிறம் பார்த்து ஊற்றாதீர்!



இலக்கியம் படித்தவனுக்கு எஞ்சினைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. பட்டறிந்தது ஒன்று உண்டு. அதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பெருநாள் விடுமுறையில், மச்சானின் பழைய காரில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில், வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. பிள்ளைகள் அலறினார்கள். மச்சான் வண்டியை ஓரம் கட்டி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

"கையை எடுங்க பாய்!"

சாலையோரத் தேநீர்க் கடையிலிருந்து ஒரு பெரியவர் ஓடி வந்து அவர் கையைப் பற்றி இழுத்தார். பிறகு தம் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து சுருங்கிய பழைய தழும்பு. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராம். அதே மூடி, அதே அவசரம்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரோ இறுக மூடப்பட்டது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே அந்த அழுத்தம் நீங்கி, நீர் ஒரே வேளையில் ஆவியாகச் சீறி முகத்தில் பாயும். துண்டு அதைத் தடுக்காது.

ஆகவே வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள்; பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஆவி அடங்கும் வரை பானெட்டைத் தொடாதீர்கள். அரை மணி நேரமாவது பொறுத்திருந்து, ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டால் சூடு இல்லை என்று தெரிந்த பின்பே மூடியைத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. உலோகம் விரிசல் கண்டுவிடும்.

நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து, கடைக்காரர் கொடுத்த நீரை நிரப்பிக்கொண்டு, மெல்ல வத்தலக்குண்டுக்கே இறங்கினோம். மெக்கானிக் குனிந்து பார்த்தார். வாட்டர் பம்ப்பின் ஓரத்தில் நீர் கசிந்து காய்ந்த தடம் இருந்தது. ரேடியேட்டருக்குள் செம்மண் கரைசல் போல் துருநீர்.

"அடிக்கடி தண்ணி குறைஞ்சிருக்குமே பாய்?" என்றார்.

"ரெண்டு மாசமா குறையுது. வெயிலுக்கு வத்துதுன்னு நினைச்சு வீட்டு போர் தண்ணிய ஊத்திட்டு வந்தேன்" என்றார் மச்சான்.

"ரெண்டு மாசமா அது உங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க தண்ணிய ஊத்தி அது வாயை அடைச்சிட்டீங்க."

வாசகர்களே! அந்த மெக்கானிக்கின் சொல்லை நான் மறக்கவில்லை. பெட்ரோல் செலவாகும்; கூலண்ட் செலவாவதில்லை. அது மூடிய வழியில் சுற்றிச் சுற்றி வருவது. நெடுநாளில் மிகச் சிறிது குறையலாம். வாரந்தோறும் குறைந்தால் அது எங்கோ போகிறது என்பதே பொருள். ரப்பர் குழாயின் இணைப்பு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர், தளர்ந்த மூடி ஆகிய இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் எண்ணெய் பாலாடை போல் வெளுத்திருந்தாலோ, புகைக்குழாயில் வெண்புகை ஓயாமல் வந்தாலோ, நீர் எஞ்சினுக்கு உள்ளேயே கசிகிறது என்று ஐயுற்று உடனே பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். முள்ளை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. நீர் மிகவும் குறைந்துவிட்டால் வெப்பமறியும் கருவியைச் சுற்றி நீரே இல்லாமல் போய், முள் பொய் சொல்லக்கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில், கூலண்ட் டப்பாவின் இரு கோடுகளுக்கு நடுவே அளவு நிற்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதே சிறந்தது.

"நம் ஊரில் நீர் உறையப் போவதில்லையே, ஆண்டிஃபிரீஸ் எதற்கு?" என்று மச்சான் கேட்டார். பலரும் கேட்கும் கேள்விதான். அதில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால் என்னும் திரவம். பாதிக்குப் பாதி நீரோடு கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அது பனி நாட்டாருக்கு. நமக்கு வேண்டியவை வேறு இரண்டு: கொதிநிலை உயர்கிறது, அதில் சேர்த்துள்ள மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. போர் தண்ணீரில் உள்ள உப்போ, தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல், ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து அடைத்துவிடும். ஆபத்து வேளையில் ஊற்றிய நீரையும் பிறகு வடித்துவிட்டுப் புதுக்கலவை நிரப்ப வேண்டும்.

சரி, எதை வாங்குவது? பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து ஊற்றுவதே வழக்கமாக இருக்கிறது. நிறம் என்பது வெறும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் விற்கப்படுகின்றன. சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்ந்த பழைய வகையை ஏறத்தாழ 2 ஆண்டுகளில் மாற்ற வேண்டும். கரிம அமிலங்கள் சேர்ந்த புதிய வகை பொதுவாக 5 ஆண்டுகள் உழைக்கும். இரண்டையும் இணைத்த வகையும் உண்டு. பொருந்தாத வகைகளைக் கலந்தால் காக்கும் ஆற்றல் குன்றும். சில வேளை கூழாகி வழியை அடைக்கும். வண்டியோடு தந்த கையேட்டில் எந்த வகை, எத்தனை ஆண்டு என்று அச்சிட்டிருப்பார்கள். அதைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குங்கள். ஏற்கெனவே நீர் கலந்ததா, நாம் கலக்க வேண்டியதா என்றும் பாருங்கள். கலக்க வேண்டியதாயின் காய்ச்சி வடித்த நீரையே சேருங்கள். முழுதும் கூலண்ட்டாகவே ஊற்றினால் நல்லது என்பதும் தவறு. வெப்பத்தை எடுத்துச் செல்வதில் நீரே வல்லது.

இனி, இல்லத்தரசிகள் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. அன்று மெக்கானிக் மீதமிருந்த சிவப்புக் கூலண்ட்டைக் காலியான குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி மச்சானிடம் கொடுத்தார். அவர் அதைப் பின்னிருக்கையில் வைத்தார். என் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க சர்பத்துன்னு குடிச்சிட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டாள். எங்களில் எவருக்கும் தோன்றாத கேள்வி. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் கொடிய நஞ்சு. சிறு அளவும் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே பறிக்கக்கூடும். முதலில் மயக்கமும் தள்ளாட்டமும் மட்டுமே தெரியும். கேடு மெல்ல வெளிப்படும். எனவே குடித்ததாக ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். நேரத்தோடு சென்றால் மாற்று மருந்து உண்டு. கூலண்ட்டை அதன் சொந்தப் பாத்திரத்திலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவுங்கள். பூனையும் ஆடும் நக்கும்.

அந்தப் பாட்டிலை அங்கேயே மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் என் மனைவி காரில் ஏறினாள். அடுத்த முறை உங்கள் வண்டியில் கூலண்ட் குறைந்திருந்தால், நிரப்புமுன் ஒரு நிமிடம் நின்று, "எங்கே போனது?" என்று கேளுங்கள்.