எத்தனை ஓட்டைன்னு மட்டும் கேட்காதீங்க

1/ நெஞ்சுல கட்டின்னு சொன்னதும் தஞ்சாவூர்ப் பக்கம் முதல்ல வர்ற கேள்வி: "கிழிக்காம ஓட்டை போட்டே எடுத்துடலாமா டாக்டர்? எத்தனை ஓட்டை?" சரியான கேள்விதான். கூடவே இதையும் கேளுங்க: "எப்படிப் படுக்க வைப்பீங்க?"

2/ சில கட்டிகள் நெஞ்சுக்குள்ள முதுகெலும்பை ஒட்டி இருக்கும். உதாரணம், நரம்பு உறையில வளர்ற ஸ்வானோமா. பெரும்பாலும் புற்றுநோய் இல்ல. ஆனா வழியை நுரையீரல் மறைக்கும்.

3/ வழக்கமா, கட்டி உள்ள பக்கம் மேலே வர்ற மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வைப்போம். இன்னும் முன்னால சாய்ச்சா, இல்லன்னா குப்புறப் படுக்க வச்சா, நுரையீரல் தன் எடையிலேயே சரிஞ்சு வழி விடும். கருவியால பிடிச்சுத் தள்ளுற வேலை குறையும். ரத்தமும் கண் பார்க்கிற இடத்துல தேங்காது.

4/ இதுல நம்ம ஊருக்கும் பங்கு உண்டு. உணவுக்குழாயும் முதுகெலும்புக்கு முன்னாடிதான் ஓடுது. கோயம்புத்தூர் டாக்டர் பழனிவேலு குழு, 130 உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளைக் குப்புறப் படுக்க வச்சு ஆபரேஷன் செஞ்ச அனுபவத்தை 2006ல வெளியிட்டாங்க.

5/ அப்போ எல்லாரையும் குப்புறப் போடலாமா? கூடாது. பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சா அந்த நிலையில நெஞ்சை உடனே திறக்கிறது சிரமம். கட்டி முதுகுத்தண்டுப் பக்கம் நுழைஞ்சிருக்கான்னு எம்ஆர்ஐ பார்க்கணும். நுழைஞ்சிருந்தா நியூரோ சர்ஜனும் கூட வேணும்.

6/ மயக்கத்துல இருக்கிறவரால "கை மரத்துப்போச்சு"ன்னு சொல்ல முடியாது. தோள் அதிகமா இழுபட்டாலோ முழங்கை அழுந்தினாலோ நரம்பு பாதிக்கும். குப்புறப் படுத்தா கண்ணும் அழுந்தக் கூடாது. பலருக்குத் தானே சரியாகும், ஆனா மாசக்கணக்கு ஆகலாம். நாத்து நட, கருக்கருவா பிடிக்க அந்தக் கைதானே மூலதனம்?

7/ அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: தோள் தூக்க முடியலையா, கழுத்து வலியா, கை கால் மரமரப்பா, சுகர் எத்தனை வருஷமா? "இது எதுக்கு டாக்டருக்கு"ன்னு விடாதீங்க. உங்க கையை எந்த அளவுக்கு நீட்டலாம், எங்க பஞ்சு மெத்தை வைக்கணும்னு முடிவு பண்ண உதவும்.

8/ டாக்டர்களுக்கும் ஒண்ணு. கையெழுத்து வாங்கும்போது ஓட்டை, தையல், செலவு எல்லாம் சொல்றோம். எப்படிப் படுக்க வைப்போம், அதுல என்ன ஆபத்துன்னும் சொல்லணும். அது நோயாளியோட உரிமை.

9/ தியேட்டர் வாசல்ல நிக்கிற சொந்தங்களே, "உள்ள போய் அரை மணி ஆச்சு, இன்னும் ஆரம்பிக்கலையாம்"னு பதறாதீங்க. மயக்கம் கொடுத்து, திருப்பிப் படுக்க வச்சு, ஒவ்வொரு மூட்டுக்கும் அணை கொடுக்கிற நேரம் அது. நடவுக்கு முன்னாடி பரம்படிக்கிறதை வீண் வேலைன்னு நாம சொல்றோமா?