பீலித் தண்ணீரும் கணக்கில் வரவேண்டும்

மலையில் ஒரு ஹோட்டலோ, சுரங்கமோ, மின்னிலையமோ வரப்போகிறது என்றால் முதலில் நம் காதில் விழுவது வேலைவாய்ப்பும் புதிய பாதையும்தான். அதற்கான தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும், எடுத்த பிறகு கீழே உள்ள லயங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை யாரும் தாமாக வந்து சொல்வதில்லை. ஆனால் அதைக் கேட்கும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. வர்த்தமானியில் குறிப்பிடப்பட்ட பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் பரிசீலனை இன்றி அனுமதி வழங்க முடியாது. 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்களும் 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களும் இதில் அடங்கும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால், அந்த அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவிக்கப்பட வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம்.

இந்த உரிமையின் பலத்தை எப்பாவல மக்கள் காட்டினார்கள். அங்கு பொஸ்பேட் அகழ்வதற்கு அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்ய முனைந்தது. அப்பகுதி மக்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். அவர்களுடைய நிலத்தோடு குளங்களும், கலாவெவ நீரை அனுராதபுரத்துக்குக் கொண்டுசெல்லும் ஜய கங்கையும் ஆபத்தில் இருந்தன. முறையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் திட்டம் நகரக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்வெட்டி விழுவதற்கு முன்பே அவர்கள் கேள்வி கேட்டதால் தண்ணீர் காப்பாற்றப்பட்டது.

உமா ஓயாவில் நடந்தது வேறு. அங்கு அறிக்கை இருந்தது, அனுமதியும் இருந்தது. ஆனால் 2014 டிசம்பரில் சுரங்கப் பாதைக்குள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்துப் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். 2024இல் மின்னிலையம் திறக்கப்பட்டது. மலைக்குள் ஓடும் தண்ணீரைச் சரியாக அளக்காமல் துளை போட்டுவிட்டால், பிறகு எந்த நீதிமன்றமும் ஊற்றைத் திருப்பித் தர முடியாது. மிஞ்சுவது பவுசரும் நட்டஈட்டுப் படிவமும்தான்.

தோட்டங்களில் நமது நிலைமை இன்னும் மோசம். நாம் குடிப்பது பெரும்பாலும் மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீர். அதற்கு மீற்றர் இல்லை, பில் இல்லை, நம் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கொழும்பில் இருந்து அறிக்கை எழுதுகிறவருக்கு அந்த ஊற்று வெறும் ஓடைதான். அதை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் இல்லாத தண்ணீரை எடுத்துக்கொள்வது சுலபம்.

ஆகவே ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டத் தலைவரும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறோம். ஊற்று எங்கே, எத்தனை குடும்பங்கள் குடிக்கின்றன, எந்த மாதங்களில் குறைகிறது என்று எழுதுங்கள். திகதியோடு படம் எடுங்கள். ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்றைப் பிரதேச சபையிலும் கொடுங்கள். ஒன்று சங்கத்தில் இருக்கட்டும். திட்டம் பற்றிய தகவல் மறுக்கப்பட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தாமதிக்க வேண்டாம்: அடிப்படை உரிமை மீறலுக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பு தரும் கால அவகாசம் ஒரு மாதம்தான்.

நாம் அபிவிருத்திக்கு எதிரானவர்கள் அல்ல. நமது பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். ஆனால் எந்தத் திட்டமானாலும் அதன் தண்ணீர்க் கணக்கில் லயத்துக் குடமும் எழுதப்பட வேண்டும். எழுதப்படாத அறிக்கைக்கு எதிராக 30 நாட்களுக்குள் நாம் எழுதுவோம்.