தோட்டத்து வீட்டுக்கு எந்தச் சுவர்?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, சுவருக்கு வெளியில அடிக்கிற பிளாஸ்டிக் பலகை பதுளைக் கடைக்கு வந்திருக்கு. பெயின்ட் வேணாம், பிறகு ஒரு வேலையும் இல்லன்னு சொல்றாங்க. அடிக்கட்டுமா?" என்றார். செய்தி எழுதிப் பழகியவனிடம் சுவரைப் பற்றிக் கேட்கிறாரே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் நான் பிறந்ததும் ஒரு லயத்துக் காம்பராவில்தான். கருங்கல்லை மண்சாந்தில் அடுக்கிய சுவர் அது. தீபாவளிக்கு முன்னர் சுண்ணாம்பு அடிப்போம். மழையில் நனைந்த சுவர் வெயிலில் தானாக உலர்ந்துவிடும். பின்னாளில் யாரோ அதன்மேல் சீமெந்துப் பூச்சுப் பூசி, பெயின்டும் அடித்தார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போயிற்று. இரண்டு வடகீழ்ப் பருவமழைக்குள் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. திருத்துவது தோட்டத்தின் பொறுப்பு என்று நாங்களும், குடியிருப்பவரின் பொறுப்பு என்று தோட்டமும் சொல்லிக்கொண்டிருந்தோம். சுவர் எங்களுடையதல்ல என்பதே அதன் உண்மையான நோய்.

'பராமரிப்பே தேவையில்லை' என்ற சொல்லை மலையகம் முன்பும் கேட்டிருக்கிறது. துருப்பிடித்த தகரக் கூரைகளுக்குப் பதிலாக அஸ்பெஸ்டஸ் தகடுகள் வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அதன் நார் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்த விடயம். 2018 முதல் அதன் இறக்குமதியைத் தடைசெய்ய இலங்கை அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை அதிகம் தோண்டி எடுத்து விற்கும் நாடும் அதுவே. சில நாட்களிலேயே கொழும்பு தன் தடையை ஒத்திவைத்தது. தேயிலையும் மறுபடி கப்பலேறியது. கொழுந்து பறிப்பவரின் கூரை எதுவாக இருக்கவேண்டும் என்பதை அவர் பறித்த தேயிலையை வைத்தே பேரம் பேசி முடித்த கதை இது. இதைவிடக் கசப்பான செய்தியை நான் அதிகம் எழுதியதில்லை.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் 'பொருத்து வீடுகள்' தரப்படும் என்றார்கள். ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். கல்வீடுதான் வேண்டும் என்று அங்குள்ளவர்கள் சொன்னது பழைமைவாதம் அல்ல. உருக்குச் சுவர் உடைந்தால் ஊர் மேசனால் திருத்த முடியாது. உள்ளூரில் எவருக்கும் வேலையும் கிடைக்காது.

என் அளவுகோலும் அதுவே. பிளாஸ்டிக் பலகைக்குப் பெயின்ட் தேவையில்லைதான். ஆனால் ஊவாவின் ஆடி மாதக் காய்ந்த காற்றிலும் வெயிலிலும் மலிவான பலகை நொறுங்கத் தொடங்கும். ஒரு துண்டு பெயர்ந்தால் அதே அளவும் நிறமும் மறுபடி கிடைக்குமா? அதன் பின்னால் கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. இந்த வீட்டின் சுவருக்கு எதிரி நேராக விழும் மழையைவிட, கூரையிலிருந்து கொட்டித் தரையில் பட்டுத் தெறிக்கும் மழைதான். கூரையை இரண்டரை அடியாவது வெளியே நீட்டி, பீலி வைத்து, அடியில் இரண்டடி கருங்கல் கட்டி, மேலே புளொக் கல்லுக்குச் சாதாரணப் பூச்சுப் பூசினால் போதும். வெடிப்பு விழுந்தால் அரை மூடை சீமெந்தில் அவரே அடைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாம் மலை அசையாதிருந்தால்தான். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது எந்தச் சுவரும் நிற்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளிலும் பதுளை மாவட்டம் ஏராளமானோரை இழந்தது. எனவே கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கையில் இருக்கிறதா என்றுதான் தம்பியிடம் முதலில் கேட்டேன். இருக்கிறதாம். காணி உறுதி மட்டும் இன்னும் வரவில்லை.

பலகைக்கு வைத்திருந்த பணத்தில் அவர் பீலி வாங்கிவிட்டார். பூச்சு வேலை அடுத்த சம்பளத்துக்குப் பிறகு.