நாலு ஐகான், ஒரே இன்ஜின்

உங்க லேப்டாப்பில் எத்தனை பிரவுசர் இருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. குரோம் இருக்கும். விண்டோஸோடு வந்த எட்ஜ் இருக்கும். விளம்பரம் வராதுன்னு ஃப்ரெண்ட் சொல்லி பிரேவ் போட்டிருப்பீங்க. கேமிங் பைத்தியமா இருந்தா ஓபரா ஜிஎக்ஸும் இருக்கும். ஆனா நாலுக்குள்ளேயும் ஓடுறது ஒரே இன்ஜின்தான். அதன் பெயர் பிளிங்க்.

நாம எழுதுற ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோடைப் படிச்சு திரையில் எழுத்தாவும் படமாவும் வரையுறதுதான் இன்ஜினோட வேலை. டேப், புக்மார்க், கலர் எல்லாம் மேலே கட்டின பாடி. இன்னைக்கு பெரிய அளவில் மிஞ்சியிருக்கிற இன்ஜின்கள் மூணு: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. அதிலும் பிளிங்க் 2013-ல் வெப்கிட்டிலிருந்து பிரிஞ்சு வந்தது, அதனால ரெண்டும் பங்காளிங்க. அதே வருஷம் ஓபரா தன் சொந்த இன்ஜினான பிரெஸ்டோவைக் கைவிட்டுச்சு. 2020-ல் மைக்ரோசாஃப்டும் எட்ஜைக் குரோமியத்துக்கு மாத்திடுச்சு.

'எல்லாம் ஒண்ணா இருந்தா வெப் டெவலப்பருக்கு வேலை சுலபம்தானே?' என்று கேட்பீங்க. கொல்லிமலைக்குப் போனவங்களுக்குப் பதில் சுலபமா புரியும். காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போற ரோடுதான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. மழையில் அங்கே மண் சரிஞ்சா முள்ளுக்குறிச்சி வழியா வர்ற இன்னொரு ரோடுதான் கைகொடுக்கும். அதில் வண்டி குறைவு, அதனால மூடிடலாம்னு செம்மேட்டில் நின்னு சொல்லிப் பாருங்க, என்ன நடக்குதுன்னு தெரியும்.

அதே செம்மேட்டில் எங்க என்.எஸ்.எஸ். முகாம் நடந்தப்போ, ஒரு அக்கா பையனோட ஸ்காலர்ஷிப் விவரம் பார்க்கணும்னு ஜியோபோனை நீட்டினாங்க. பக்கம் வெள்ளையா நின்னுச்சு. "சிக்னல் இல்லையாட்டம் இருக்குது தம்பி"ன்னு அவங்களே சமாதானம் சொல்லிக்கிட்டாங்க. சிக்னல் இருந்தது. ஜியோபோனில் ஓடுற காய்ஓஎஸ், ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்-இலிருந்து வந்தது. உள்ளே இருக்கிறது 2016-ஆம் வருஷத்து கெக்கோ. பழைய பதிப்புதான், ஒத்துக்கறேன். ஆனா பெயர், வகுப்பு, வங்கிக் கணக்கு எண் காட்டுற பக்கத்துக்குப் புது குரோம் எதுக்கு? அதை எழுதினவர் தன் லேப்டாப்பில் மட்டும் திறந்து பார்த்திருக்கார், அவ்வளவுதான்.

தமிழுக்கு இது புதுசு இல்லை. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி தமிழ்ப் பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு ஃபான்ட் வெச்சிருந்தாங்க. பக்கத்தோடு தானா இறங்குற மைக்ரோசாஃப்டின் இஓடி ஃபான்ட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும்தான் புரியும். ஃபயர்பாக்ஸில் திறந்தா தலைப்புச் செய்தியே கோழி கிறுக்கின மாதிரி தெரியும். அதைச் சரியாக்கிப் படிக்க பத்மா என்ற நீட்சியைப் போட்டுக்கணும். கெக்கோவும் அப்போ ஒழுங்கா இல்லை. ஃபயர்பாக்ஸ் 2-இல் ரெண்டு பக்கமும் சமமா அலைன் பண்ணின தமிழ் எழுத்து கொம்பு தனியா, கால் தனியா உடையும். 2008-ல் வந்த மூணாம் பதிப்பில்தான் அது தீர்ந்துச்சு. போட்டி இல்லாத இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ 2001-ல் ஆறாம் பதிப்போடு உட்கார்ந்து, 2006-ல்தான் ஏழுக்கு எழுந்துச்சு. அஞ்சு வருஷம்!

இன்னைக்கு அந்த நாற்காலியில் கூகுள். அவங்க தூங்கலை, அது வேற பிரச்சினை. எக்ஸ்டென்ஷன் விதியை மேனிஃபெஸ்ட் வி3-ன்னு மாத்தினாங்க, யுபிளாக் ஆரிஜின் குரோமில் நின்னு போச்சு. விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனி விளம்பரத் தடுப்பானுக்கு விதி எழுதுது. ஃபயர்பாக்ஸில் அது இன்னும் ஓடுது. ஆனா மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் தேடலுக்காகத் தர்ற பணம். இந்த முரணை என்னால சிரிக்காம எழுத முடியலை.

நம்ம ஊர் ஸோஹோவின் 'உலா' இருக்கேன்னு சொல்வீங்க. பெயர் அழகு. மத்திய அரசு நடத்தின பிரவுசர் போட்டியில் 2025-ல் முதல் பரிசும் வாங்குச்சு. உள்ளே குரோமியம்தான். குறை சொல்லலை, இன்ஜின் எழுதுறது மைக்ரோசாஃப்டுக்கே கட்டுப்படியாகலை. ஆனா 'சுதேசி' என்ற வார்த்தை பாடியோடு நின்னுடுதுன்னு தெரிஞ்சு பயன்படுத்துங்க.

குரோமை அழிக்கச் சொல்லலை. அதன் டெவ்டூல்ஸ் எனக்கும் பிடிக்கும். நான் கேட்கிறது ரெண்டாவது ரோட்டில் அப்பப்போ வண்டி ஓட்டுங்கன்னுதான். போனில் ஃபயர்பாக்ஸ் போடுங்க. தமிழ் இடைமுகமே இருக்கு. லேபில் உபுண்டு மெஷின்ல அதுதான் முதல்லேயே இருக்கு, நாமதான் அதைத் திறந்து குரோமை டவுன்லோட் பண்றோம். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு வெப்சைட் செய்றவங்க, ரிவ்யூக்கு முன்னாடி அதில் ஒரு தடவை திறந்து பாருங்க. உடையுற இடம் பெரும்பாலும் சிஎஸ்எஸ்-இல் ரெண்டு வரியாத்தான் இருக்கும், முந்தின நாள் ராத்திரியிலேயே சரி பண்ணிடலாம்.