பாங்குக்குப் பணம் உண்டு, படிப்புக்கு இல்லையா?

ஹாலந்து நாட்டில் லெய்டன் நகரில் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனம் இருந்தது. இன்றைய உலகில் முஸ்லிம் சமுதாயங்கள் எப்படி வாழ்கின்றன, எப்படி மாறுகின்றன என்று ஆராய்வதே அதன் வேலை. 1998ல் லெய்டன், ஆம்ஸ்டர்டாம், உட்ரெக்ட் சர்வகலாசாலைகள் சேர்ந்து அதைத் தொடங்கின. பின்னர் நைமேகன் சர்வகலாசாலையும் சேர்ந்தது. சர்க்கார் பணம் கொடுத்தது. 2009 ஜனவரி 1ந் தேதி ஸ்தாபனம் மூடப்பட்டது. காரணம், பணம் இல்லையாம்!

கஜானா அவ்வளவு வறண்டா கிடந்தது? மூடுவிழாவுக்கு மூன்றே மாதம் முன்பு, 2008 அக்டோபரில், அதே சர்க்கார் போர்டிஸ் பாங்கின் டச்சுப் பகுதியை 1,680 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. ஐ.என்.ஜி. பாங்குக்கு 1,000 கோடி யூரோ அள்ளிக் கொடுத்தது. லாபம் வந்தபோது பங்குதாரருக்கு. நஷ்டம் வந்தபோது வரி கட்டும் ஜனங்களுக்கு!

தோழர்களில் சிலர் கேட்கலாம்: “எங்கோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை மூடினால் நமக்கென்ன? அந்தப் பணத்தில் ஓர் ஆஸ்பத்திரி கட்டலாமே?” நியாயமான கேள்விதான். வியர்வை சிந்திச் சம்பாதிப்பவன் தன் காசு எங்கே போகிறது என்று கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதிலைச் சரித்திரத்தில் பார்ப்போம்.

அன்று பணம் இருந்தது

இஸ்லாத்தைப் பற்றிய படிப்புக்கு ஹாலந்து சர்க்கார் ஒரு காலத்தில் தாராளமாகச் செலவழித்தது. 1873ல் சுமத்ராவின் அச்சே நாட்டின்மீது டச்சு ஏகாதிபத்தியம் படையெடுத்தது. அச்சே மக்கள் பணியவில்லை. ஆண்டுக்கணக்கில் யுத்தம் இழுத்தது. அப்போது சர்க்காருக்குக் கைகொடுத்தவர் லெய்டனில் படித்த ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்ற பண்டிதர். 1885ல் முஸ்லிம் பெயர் சூடி மெக்காவில் தங்கியவர். 1889 முதல் கிழக்கிந்தியத் தீவுகளில் காலனி சர்க்காரின் ஆலோசகர். அவர் சொன்ன யோசனை என்ன? தொழுகையில் தலையிடாதே, எதிர்த்துப் போராடும் உலமாக்களை நசுக்கு, உள்ளூர்ப் பிரபுக்களைக் கைக்குள் போட்டுக்கொள். அந்த யுத்தத்தில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1904ல் குத்தா ரே என்ற ஒரே கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட 500க்கும் மேற்பட்டவர்களை டச்சுப் படை கொன்று குவித்தது.

ஒரு ஜனத்தை அடக்கி ஆள அறிவு தேவைப்பட்டபோது, “பணம் இல்லை” என்று எந்த மந்திரியும் சொல்லவில்லை!

மில்லுக்கு வந்த மனிதர்கள்

பின்னர் காலம் மாறியது. டச்சு முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1964ல் துருக்கியுடனும் 1969ல் மொராக்கோவுடனும் ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். கிராமத்து ஏழைகள் ட்வென்டே வட்டாரத்து ஜவுளி மில்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் வந்தார்கள். தறியோட்டினார்கள், வரி கட்டினார்கள். பிறகு மில்கள் மூடின. வேலை போயிற்று, மனிதர்கள் அங்கேயே இருந்தார்கள், பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

2004 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் தியோ வான் கோ என்ற சினிமா டைரக்டரை, மொராக்கோ வம்சத்தில் வந்த ஒரு வாலிபன் கொன்றான். கொடூரமான கொலை, அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் பழி யார்மீது விழுந்தது? மசூதிகளும் முஸ்லிம் பள்ளிகளும் தாக்கப்பட்டன. குற்றம் ஒருவனுடையது, தண்டனை ஒரு சமுதாயத்துக்கு! இத்தகைய வேளையில்தான் உண்மையை ஆராய்ந்து சொல்லும் ஸ்தாபனம் ஒரு நாட்டுக்குத் தேவை. அதன் முதல் டைரக்டர் பாகிஸ்தான் அறிஞர் காலித் மசூத். 2003 முதல் கடைசிவரை பொறுப்பிலிருந்தவர் ஈரானில் பிறந்த ஆசெப் பயாத். 1979 புரட்சியின்போது ஈரான் தொழிலாளிகள் ஆலைகளில் கமிட்டி அமைத்து நிர்வாகத்தைக் கேள்வி கேட்டதை ஆராய்ந்து எழுதியவர். முஸ்லிம் என்றால் தாடியும் தொப்பியும் மட்டுமல்ல. அவனும் கூலி கேட்பவன், வாடகைக்கு அஞ்சுபவன், சங்கம் சேர்பவன் என்று காட்டும் படிப்பு அது. பிரித்தாளுகிறவனுக்கு இது கசக்காமல் என்ன செய்யும்?

யாருடைய உப்பு?

சர்க்கார் கைவிட்டால் படிப்பு நின்றுவிடாது. வேறு கைக்குப் போகும். 2005ல் சவூதி இளவரசர் அல்வலீத், அமெரிக்காவில் ஹார்வர்டு, ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலைகளுக்கு இஸ்லாமியப் படிப்புக்காகத் தலா 2 கோடி டாலர் கொடுத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இளவரசரின் உப்பைத் தின்ற பேனா, சவூதியில் வதைபடும் அயல்நாட்டுத் தொழிலாளியைப் பற்றி எழுதக் கொஞ்சமாவது தயங்காதா?

ஆகவேதான் பொதுப்பணம் வேண்டும் என்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பணம் கொடுக்கும் மந்திரி முடிவையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. போலீசுக்கு ஜாபிதா தயாரிக்கும் ஆபீசாக ஆராய்ச்சிக்கூடம் மாறக் கூடாது. கண்டறிந்ததை ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் சொல்ல வேண்டும். கணக்கைப் பகிரங்கமாக வைக்க வேண்டும்.

மூடிய அதே 2009ல் லெய்டன் சர்வகலாசாலை தனக்கென வேறொரு மையத்தைத் தொடங்கியது உண்மை. ஆனால் பத்து வருஷமாக ஒரே கூரையின் கீழ் சேர்ந்த ஆட்கள் கலைந்து போனார்கள்.

ஆஸ்பத்திரியா, ஆராய்ச்சியா என்று ஏழையிடம் கேட்கிறார்கள். பாங்கா, ஆராய்ச்சியா என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்போம்! பக்கத்துத் தறியில் நிற்பவனைப் பற்றி வதந்தி பரப்பக் காசு செலவழிப்பவர்கள் ஏராளம். அவனைப் பற்றிய உண்மையை அறிய நம் வரிப்பணத்தில் ஒரு துளி செலவானால், அது நமக்கு நஷ்டமல்ல. நம் ஒற்றுமைக்குப் போட்ட முதல்!