விமானப் பயிற்சியும் மறைக்கும் வழக்கமும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் சோழவரம் இருக்கிறது. இரண்டாவது மகாயுத்த காலத்தில் விமானங்களுக்கென அங்கே ஓடுபாதை அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின் அதில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்களே நடந்தன. எனினும் ஆகாயத்தில் பறக்கும் ஆசை திருவள்ளூர் ஜில்லா வாலிபர்களை விட்டகலவில்லை. விமானம் ஓட்டக் கற்கச் செல்லும் அவர்களின் க்ஷேமத்தை முன்னிட்டே இதை எழுதுகிறோம்.

சிறு விமானத்தில் பயிலும் மாணாக்கனுக்கு மிகக் கடினமான பாடம், தரையில் இறங்குவதே. தரையை நெருங்குகையில் மூக்கை மெல்ல உயர்த்தி, வேகத்தைத் தணித்து, பின்சக்கரங்கள் முதலில் படும்படி இறக்கவேண்டும். உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டால் இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்து விமானம் தொப்பென்று விழும். தாமதித்தாலோ மூக்குச் சக்கரம் தரையில் மோதும். மோதி எகிறிய விமானத்தைப் பதறிக் கீழே அழுத்துவது அதனினும் ஆபத்து. விசையைக் கூட்டி மறுபடியும் மேலெழும்பிச் சுற்றி வருவதே விவேகம்.

இப்பிழைகள் கற்போர்க்கு இயல்பு. நாம் கண்டிப்பது பிழையையன்று, அதை மறைப்பதையே. பலமாக மோதிய விமானத்தின் சக்கரக் காலிலும், இஞ்சினைத் தாங்கும் சட்டத்திலும் கண்ணுக்குப் புலனாகாத விரிசல் இருக்கலாம். இஞ்சினீயர் சோதிக்குமுன் அது மீண்டும் பறக்கலாகாது. விரிசல் கண்ட பாகத்தை மறைத்து அனுப்பினால் என்ன நேருமென்று ஆலைத் தொழில் அறிந்த நம் ஜில்லாவாசிகளுக்குச் சொல்லவேண்டுமா? சொல்லாமல் நழுவியவன் தப்பினான். அடுத்து ஏறுகிறவனன்றோ அதன் பலனை அனுபவிப்பான்!

மாணாக்கன் ஏன் மறைக்கிறான்? தொழில்முறை விமானி லைசென்ஸ் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் தகப்பனார் கடன்பட்டுப் பணம் கட்டுகிறார். அதன்மேல் அபராதமும் ஆசிரியரின் வசவும் சேருமென்றால் எந்த வாலிபன் வாய் திறப்பான்? அடிமைப் பயம் குடிகொண்ட இடத்தில் சத்தியம் தழைக்காது.

1944-ல் சிகாகோ நகரில் உருவான சர்வதேச விமான உடன்படிக்கையின் 13-வது அனுபந்தம், விபத்து விசாரணையின் நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதேயன்றி எவர்மீதும் பழி சுமத்துவதன்று என விதிக்கிறது. தேசங்கள் ஒப்புக்கொண்ட இந்த நியாயம் பயிற்சி நிலையத்தின் வாசலில் நின்றுவிடலாமா? தன் பிழையைத் தானே வந்து சொன்ன மாணாக்கனுக்கு அபராதமில்லை, மறைத்தவனுக்கே தண்டனை. இதை ஒவ்வொரு பயிற்சி நிலையமும் விதியாக்க வேண்டும். சர்க்கார் அதை அமுல் நடத்தவும் வேண்டும். விமானத்தைப் பழுது பார்த்துவிடலாம். போன உயிரை மீட்க யாரால் முடியும்?