பங்களாவுக்குப் பின்வாசல் வழியாப் போவோம்

நீலகிரின்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வருது? பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், வர்க்கி, சாக்லேட்டு, நீலகிரித் தைலம். ஆனா இங்கிலீஷ்காரங்க அந்த மலையில் குடியேற ஆரம்பிச்ச காலத்து வீடு ஒண்ணு இன்னும் நிக்குது, அதைப் பாத்தவங்க நம்ம பதிவர்கள்ல எத்தனை பேர்? கை தூக்குங்க பாப்போம் :-)

கோத்தகிரிக்குப் பக்கத்துல கன்னேரிமுக்குன்னு ஒரு படுகர் ஊர். அங்கதான் இருக்கு பெத்தக்கல் பங்களா. 1819 வாக்கில் ஜான் சல்லிவன் கட்டினது. சல்லிவன் யாருன்னா, அப்போ கோயமுத்தூர் கலெக்டர். 1868 வரைக்கும் நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவோடதான் இருந்தது. நம்ம அவினாசி, பல்லடம் எல்லாமும் அதே ஜில்லாதான். திருப்பூர் தனி மாவட்டம் ஆனதே 2009-ல. அதனால அவர் ஒரு வகையில் "நம்ம கலெக்டர்". நம்ம வெயில் தாங்காமத்தான் மலையேறி இருப்பாரோ என்னவோ, நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வீடு பாழடைஞ்சு கிடந்து, அப்புறம் புதுப்பிச்சு இப்போ அருங்காட்சியகமா வெச்சிருக்காங்க. பழைய படங்கள், நீலகிரியோட வரலாறு, மலைவாழ் மக்களைப் பத்தின விவரங்கள் எல்லாம் இருக்கு. இடிஞ்சு போகாம மீட்டதே பெரிய விஷயம். மீட்டவங்களுக்கு ஒரு கும்பிடு.

இனி நான் சொல்ல வர்றது அந்த ஒரு வீட்டைப் பத்தி மட்டும் இல்லை. பொதுவா நாம பழைய பங்களா, அரண்மனைகளைப் பாக்குற விதத்தைப் பத்தி.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கிளம்பினோம். திருப்பூர்க்காரனுக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சம்பளம், மறுநாள் ஒரே ஒரு நாள் லீவு. கறி எடுக்கணும், துணி துவைக்கணும், தூங்கணும். அதை விட்டுட்டு அவினாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியா மலையேறுறோம்னா, அந்த நாளுக்கு ஒரு மதிப்பு வேணும். காலையில் கோத்தகிரி பங்களா, மத்தியானம் குன்னூர் சிம்ஸ் பூங்கா, சாயங்காலம் பர்லியார் வழியா இறங்கிடறதுன்னு திட்டம். தங்கமணி புளிசாதமும் தயிர்சாதமும் ரெண்டு தூக்குப்போசியில் கட்டிட்டாங்க. அந்த மலையில் பிளாஸ்டிக் கூடாது, அனுப்பர்பாளையத்துக்காரன் வீட்டுல போசிக்கா பஞ்சம்?

எங்க அய்யன் 40 வருஷம் பாத்திரப் பட்டறையில் வேலை பாத்தவர். பித்தளை, செம்பு, அப்புறம் எவர்சில்வர். பாப்பா அஞ்சாவது படிக்குது. பங்களாவுக்குள்ள நான் ஒவ்வொரு படமா படிச்சு பாப்பாவுக்கு விளக்கிட்டு இருந்தேன். அய்யன் ஒரு சுத்து சுத்திட்டு வந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏண்டா, இவுங்களுக்கு சோறாக்குற எடம் எங்க இருந்துச்சு? இத்தன பேரு இருந்திருக்காங்கன்னா நல்ல பெரிய அண்டா வேணுமல்லோ?"

அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பங்களாக்கள்ல சமையல்கட்டு வீட்டோட ஒட்டி இருக்காது, புகையும் சூடும் வேண்டாம்னு பின்னாடி தனியா போட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். உடனே பாப்பா, "அப்ப அப்பாரு மாதிரி ஆளுங்க பின்னாடிதான் இருந்தாங்களாப்பா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு அது பாட்டுக்கு பூ பாக்கப் போயிடுச்சு. நான்தான் அதையே நினைச்சுட்டு இருந்தேன்.

யோசிச்சுப் பாருங்க. 1821-ல சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் மலைப்பாதை போட ஆரம்பிச்சாங்க. போட்ட அதிகாரி மெக்பெர்சன், பேர் புத்தகத்துல இருக்கு. வெடி வெச்சவன், கல்லு உடைச்சவன், மண்ணு சுமந்தவன் பேர் இல்லை. 1822-ல சல்லிவன் ஊட்டியில் கல் வீடு கட்ட ஆரம்பிச்சார். சுத்துப்பட்டு ஜனங்க அதுக்கு "கல் பங்களா"ன்னு பேர் வெச்சாங்க. இப்போ அந்த இடம் அரசு கலைக் கல்லூரி. அதுக்கான நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்னு தோடர்கள்கிட்ட வாங்கினதா பரவலா சொல்றாங்க. வித்த தோடர் யாரு, அந்த ரூபாயை வெச்சு என்ன பண்ணார்?

சல்லிவன் கெட்டவர்னு சொல்ல வரலை. மலை நிலம் தோடர்களுக்குத்தான் சொந்தம்னு கம்பெனி அதிகாரிகளோட வாதாடினவர் அவர். அதையும் சொல்லணும். என் கேள்வி சல்லிவன் நல்லவரா கெட்டவரான்னு இல்லை. அவரைத் தவிர அங்க வேற ஆளே இல்லாத மாதிரி நாம ஏன் பாத்துட்டு வர்றோம்கறதுதான்.

இத்தனைக்கும் கோத்தகிரிங்கற பேரே கோத்தர்கள்லேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. கோத்தர்கள் யாரு? மண்பாண்டமும் இரும்புச் சாமானும் செஞ்சு மலை ஜனங்க எல்லாருக்கும் கொடுத்த கைவினைக்காரங்க. அதாவது எங்க அய்யனோட இனம், சாதியால இல்லை, சம்மட்டியால. அதைச் சொன்னதும் அவர் முகத்துல ஒரு வெளிச்சம் பாக்கணுமே! வெளியில வந்து உக்காந்து "இரும்பை எங்கிருந்து எடுத்தாங்களாம், துருத்தி எப்படி வெச்சிருந்தாங்களாம்"னு அரை மணி நேரம் பேசினார். நான் அத்தனை படம் காட்டியும் வராத ஆர்வம், அவருக்குன்னு ஒரு ஆள் அங்க இருந்தான்னு தெரிஞ்சதும் வந்துடுச்சு.

தோட்டத்துக்கும் இதே கதைதான். மத்தியானம் சாப்பிட்டு சிம்ஸ் பூங்காவுல நடந்தோம். 1874-ல அமைச்சது, மெட்ராஸ் அரசாங்கத்துல செயலாளரா இருந்த சிம்ஸ் பேர்ல இருக்கு. பள்ளம் மேடு அப்படியே இருக்க, அதுக்கேத்த மாதிரி மரம் வெச்சிருக்காங்க. ரொம்ப அழகு. ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் கதை இன்னும் சுவாரசியம். 1847-ல அங்க இருந்த ஐரோப்பியர்கள் ஆளுக்கு மாசம் 3 ரூபாய் போட்டு, நியாயமான விலையில் காய்கறி கிடைக்கட்டும்னு ஆரம்பிச்சது. 1848-ல இங்கிலாந்து கியூ தோட்டத்துல வேலை பாத்த மெக்ஐவர் வந்து அதைப் பூங்காவா மாத்தினார். அவர் திட்டம் போட்டது உண்மை. ஆனா அந்தச் சரிவை வெட்டி, தட்டாக்கி, தண்ணி ஊத்தினது ஒரே ஆளா?

"அட, எல்லாத்துலயும் தொழிலாளி வர்க்கம் பேசுறான்டா"ன்னு நீங்க நினைக்கறது கேக்குது :-) இது வர்க்கப் பேச்சு மட்டும் இல்லைங்க, வீட்டை நல்லா காட்டுற வழியும் இதுதான். இங்கிலாந்துல பழைய மாளிகைகளைக் காப்பாத்த நேஷனல் டிரஸ்டுன்னு ஒரு அமைப்பு 1895-லேர்ந்து இருக்கு. அவங்க கையில வேல்ஸ்ல எர்திக்னு ஒரு மாளிகை. 1973-ல அவங்களுக்கு வந்து, 1977-ல மக்களுக்குத் திறந்தாங்க. அங்க வந்தவங்களை முன்வாசல் வழியா விடலை. தச்சுப்பட்டறை, துணி துவைக்கிற இடம், சமையல்கட்டு வழியாத்தான் உள்ளயே கூட்டிட்டுப் போனாங்க. அந்த வீட்டு முதலாளிகள் தலைமுறை தலைமுறையா வேலைக்காரங்களைப் படமா வரைஞ்சு, கூடவே பாட்டும் எழுதி வெச்சிருந்தாங்களாம். நான் போனதில்லை, படிச்சதுதான். ஆனா அந்த ஐடியா எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. ராஜா கட்டிலைப் பாத்து "ஆஹா"ன்னு சொல்லிட்டு மறந்துடுவோம். சோறாக்குன அடுப்பைப் பாத்தா "எங்க பாட்டியும் இப்படித்தான்"னு பேச்சு ஆரம்பிச்சிடும்.

நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. பத்மநாபபுரம் அரண்மனை. 1956-லேர்ந்து ஊர் தமிழ்நாட்டுல, அரண்மனை பராமரிப்பு கேரளா கையில. அங்க போயிட்டு வந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, தரை பளபளன்னு இருந்துச்சும்பாங்க, அடுத்தது ஊட்டுப்புரையைச் சொல்வாங்க. மேல ஆயிரம் பேர், கீழ ஆயிரம் பேர் உக்காந்து சாப்பிட்ட கூடம், ஊறுகாய் போட்டு வெச்ச பெரிய பெரிய ஜாடிகள். ஆயிரம் பேருக்கு ஆக்கிப் பரிமாறினவன் உழைப்பு அங்க கண்ணுக்குத் தெரியுது. அதான் மனசுல நிக்குது.

அதனால என் கட்சி இதுதான். பழைய வீட்டைப் பாக்கப் போனா முன்வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு, நேரா பின்பக்கம் போங்க. கிணறு எங்க, அடுப்பு எங்க, வேலைக்காரங்க எங்க படுத்தாங்கன்னு கேளுங்க. பிள்ளைங்களை கேக்க வைங்க. பதில் கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை, நாலு பேர் கேட்டா அஞ்சாவது ஆள் வரும்போது ஒரு பலகையாவது எழுதி வெப்பாங்க.

இன்னொண்ணு, கொஞ்சம் சுயநலமானது. அனுப்பர்பாளையத்துல தட்டுற சத்தத்துலயே நான் வளர்ந்தேன். காலையில் அலாரம் தேவையில்லை. இப்போ எங்க தெருவுல அந்தச் சத்தம் குறைஞ்சு போச்சு, பட்டறை இருந்த சில இடங்கள்ல பனியன் வேலை நடக்குது. அதுவும் சோறு போடுற தொழில்தான், நானும் அதுலதான் இருக்கேன். ஆனா கலெக்டர் வீட்டை 200 வருஷம் கழிச்சும் காப்பாத்த முடியுதுன்னா, குடமும் அண்டாவும் அடிச்ச ஒரே ஒரு பட்டறையை, அந்த உலை, சம்மட்டி, பட்டடைக்கல்லோட காப்பாத்தி வெக்க முடியாதா? பெரிய கட்டடம் வேண்டாம். ஓட்டு வீடு ஒண்ணு, ஞாயித்துக்கிழமை மட்டும் திறந்தாப் போதும். அடிச்சுக் காட்ட எங்க அய்யன் வயசு ஆளுங்க இன்னும் இருக்காங்க. இன்னும் 20 வருஷம் போனா சுத்தியல் இருக்கும், புடிக்கத் தெரிஞ்ச கை இருக்காது.

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது எழுத்துதான். மக்கா, உங்க ஊர்லயும் ஒரு ஜமீன் வீடோ, செட்டியார் வீடோ, எஸ்டேட் பங்களாவோ இருக்கும். கட்டினவர் பேரைத் தேடாதீங்க, அது கல்வெட்டுலயே இருக்கும். அங்க வேலை பாத்த பாட்டி யாராவது இன்னும் உசுரோட இருந்தா, ஒரு சாயங்காலம் போய் உக்காந்து கேட்டு, ஒரு பதிவு போடுங்க. கண்டிப்பா முதல் பின்னூட்டம் என்னோடதுதான்.

டிஸ்கி: நீலகிரிக்குக் கார்ல போறவங்க இ-பாஸ் விவரம் பாத்துட்டுக் கிளம்புங்க, 2024 மே மாசம் ஐகோர்ட் உத்தரவுல வந்தது. தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க. எங்க ஊர்ல வாங்கினதா இருந்தா இன்னும் விசேஷம் :-)